மகரந்தமா, கோனடோன்டா, ஆஸ்மியமா? மேற்கு சிங்கப்பூர்க் கல்லின் வயதை எதைக் கொண்டு அளப்பது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இறுதியாண்டு நிலவியல் படிக்கும் என் அண்ணன் மகள் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உள்ளே மூன்று துண்டுக் கல். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில் தனித்தனியாக இருந்தது. உறையின் மேல் ஆழம் எழுதப்பட்டிருந்தது. தீவின் மேற்குப் பகுதியில் துளையிட்டு எடுத்தவை. ஒன்று சாம்பல் நிறச் சேற்றுக்கல். இன்னொன்று வெளிறிய சுண்ணாம்புக்கல். மூன்றாவது, தொட்டால் விரலில் கரி ஒட்டும் கருங்களிப்பாறை.

"சித்தப்பா, இவற்றின் வயதைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சோதனைக்குத்தான் பணம் கிடைக்கும். மகரந்தம் பார்க்கட்டுமா, கோனடோன்ட் தேடட்டுமா, ரீனியம்-ஆஸ்மியம் அளவைக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். கோனடோன்ட் என்பது பழங்காலக் கடலுயிர் ஒன்றின் நுண்ணிய பல்; ரீனியமும் ஆஸ்மியமும் கல்லில் மிகச் சிறிதளவு இருக்கும் உலோகங்கள், ஒன்று சிதைந்து மற்றொன்றாவதை வைத்து வயதைக் கணக்கிடலாம்.

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டுமானத் தளங்களில் துளைக்கல்லைப் பார்த்துப் பதிவு செய்யும் வேலையில் இருக்கிறேன். துளையிட்டு எடுக்கும் உருளைக் கல்லைத் தளத்தில் எல்லோரும் 'கோர்' என்றுதான் சொல்வார்கள்; நானும் அப்படியே சொல்கிறேன். அன்று இரவு சாப்பாடு ஆறிப்போகும்வரை இருவரும் பேசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். படிவுப்பாறையின் வயதைத் தேடும் எவருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லுக்குள் இருக்கும் கரிமப்பொருள், அதாவது பழைய உயிர்களின் எச்சம், எவ்வளவு சூடு கண்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அந்த ஒரு செய்தி கையில் இல்லாமல் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அது குருட்டாம்போக்கு. கரிமப்பொருள் வயதைச் சொல்வதற்கு முன்பே, யாரிடம் வயதைக் கேட்கலாம் என்பதைச் சொல்லிவிடும்.

ஜூரோங்கில் இது ஏன் சிக்கல்

நம் தீவின் நடுவே புக்கிட் தீமா கருங்கல் இருக்கிறது. அது உருகிய குழம்பு இறுகி வந்தது. அதிலுள்ள சிர்க்கான் படிகங்களை எடுத்து யுரேனியம்-ஈய விகிதத்தை அளந்தால் வயது கிடைத்துவிடும். மேற்கிலும் தென்மேற்கிலும் நிலைமை வேறு. அங்கே மணலும் சேறும் எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் படிந்து கல்லாகி, பிறகு மடிந்து, பிளந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. 1976இல் பொதுப்பணித் துறை வெளியிட்ட நூல் இதை ஜூரோங் அமைப்பு என்று ஒரே பெயரில் குறித்தது. ட்ரயாசிக் கடைசியிலிருந்து ஜுராசிக் தொடக்கம்வரை என்பதே அன்றைய கணிப்பு. ட்ரயாசிக் என்பது சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 20 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரையான காலம்; அதை அடுத்து வருவது ஜுராசிக். பிறகு கட்டட, கட்டுமான ஆணையமும் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகமும் சேர்ந்து ஆழ்துளைக் கோர்களை ஆராய்ந்து, 2019இல் புதிய வகைப்பாட்டை வெளியிட்டன. இப்போது ஜூரோங் குழுமத்துக்குள் துவாஸ், புலாவ் ஆயர் சாவான், பாண்டான், பூன் லே என்று தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன; செந்தோசா குழுமம் தனியாகிவிட்டது.

வயது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று பொறியாளர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் பாண்டான் சுண்ணாம்புக்கல்லைத்தான் உதாரணம் காட்டுவேன். சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் கரையும், குழி விழும். சுரங்கம் தோண்டும் இயந்திரம் அப்படியொரு குழியில் போய் நின்றால் அது சிறிய தொல்லை அல்ல. பிளவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்வைக்கு ஒரேபோல் இருக்கும் இரண்டு சேற்றுக்கற்கள் வெவ்வேறு வயதுடையவை என்று தெரிந்தால், சுண்ணாம்புக்கல் எந்தப் பக்கம் எந்த ஆழத்தில் வரும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். ஜூரோங் தீவின் கடலடியில், தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 130 மீட்டர் கீழே எண்ணெய் சேமிக்கும் நிலவறைகளை 2014இல் திறந்தார்கள். அவை குடையப்பட்டது இந்தப் படிவுப்பாறைக்குள்தான். நாடு இனிக் கீழ்நோக்கி வளரப்போகிறது. அடுக்குகளின் வரிசை தெரியாமல் அதைச் செய்ய முடியாது.

சிர்க்கான் இருக்கும்போது வேறு எதற்கு

அண்ணன் மகள் முதலில் கேட்டதும் இதுதான். நியாயமான கேள்வி. ஆனால் மணற்கல்லில் இருக்கும் சிர்க்கான், வேறு எங்கோ பிறந்து, ஆற்றில் உருண்டு வந்து சேர்ந்தது. அதில் மிக இளைய மணியின் வயது, 'இந்தக் கல் இதற்கு முன்பு படிந்திருக்க முடியாது' என்று மட்டும் சொல்லும். எவ்வளவு பின்பு என்று சொல்லாது. ஐம்பது ஆண்டுப் பழைய செங்கல்லை எடுத்துப் புது வீடு கட்டினால், செங்கல்லின் வயது வீட்டின் வயது ஆகிவிடாது. இடையில் எரிமலைச் சாம்பல் அடுக்கு கிடைத்தால் கதை மாறும். சாம்பல் விழுந்த நாளும் படிந்த நாளும் ஒன்றே. ஜூரோங் குழுமத்தில், குறிப்பாகப் புலாவ் ஆயர் சாவான் அமைப்பில், எரிமலைப் பொருள் நிறையக் கலந்திருக்கிறது. அப்படி ஓர் அடுக்கு கையில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், சிர்க்கானுக்கே போகலாம். அவளுடைய மூன்று துண்டிலும் சாம்பல் இல்லை.

ஆகவே மீதி மூன்று வழிகளைத்தான் எடைபோட வேண்டியிருந்தது.

மகரந்தமும் வித்திகளும்

சாம்பல் நிறச் சேற்றுக்கல்லைப் பார்த்ததும் எவருக்கும் முதலில் தோன்றுவது மகரந்தம்தான். காற்றில் பறந்தும் நீரில் மிதந்தும் வந்த மகரந்தத் துகள், சேற்றில் புதைந்தால் அதன் வெளிச்சுவர் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கும். அந்தச் சுவரை ஆக்கும் பொருளுக்கு ஸ்போரோபொலெனின் என்று பெயர். பெரும்பாலான அமிலங்கள் அதைத் தொடுவதில்லை. அதனால்தான் கல்லை அமிலத்தில் கரைத்து மகரந்தத்தை மட்டும் வெளியே எடுக்க முடிகிறது. முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பு போகும், பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் மணலும் களிமண்ணும் போகும். எஞ்சுவது கரிமப்பொருள்.

இதில் எனக்குப் பிடித்தது மூன்று. இருபது முப்பது கிராம் கல் போதும். நிலத்திலிருந்த காட்டின் மகரந்தமும் கடலிலிருந்த பாசியின் கூடுகளும் ஒரே கண்ணாடித் தகட்டில் வந்து விழும். ஆற்றுப்படிவையும் கடற்படிவையும் ஒப்பிட இதைவிட நல்ல பாலம் கிடையாது. செலவும் ஐசோடோப்பு அளவையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

பிடிக்காததும் உண்டு. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் உள்ளே இறங்கி, எலும்பின் கால்சியத்தைத் தேடிப் போகும். தனிப் புகைக்கூண்டும், கையருகே கால்சியம் குளுக்கோனேட் களிம்பும், பயிற்சி பெற்ற துணையும் இல்லாத இடத்தில் அதன் புட்டியைத் திறக்கவே கூடாது. "பல்கலைக்கழக ஆய்வகத்தில் இதற்கென்று பயிற்சி பெற்றவர் பக்கத்தில் நிற்காமல் நீ தொடக்கூடாதம்மா" என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

அடுத்தது சூடு. புதைந்த மகரந்தம் தொடக்கத்தில் வெளிர்மஞ்சள். சூடேற ஏற ஆரஞ்சாகி, பழுப்பாகி, 200 பாகை செல்சியஸை நெருங்கும்போது கறுத்துப்போகும். கறுத்த பிறகு சுவரின் கோலமும் துளைகளும் தெரியாது. இனம் பிரிக்க முடியாது. மேற்கு சிங்கப்பூர்க் கற்கள் மலைமடிப்பு இயக்கத்தில் சிக்கியவை, சில இடங்களில் பலகை பலகையாக உரியும் அளவுக்கு நசுங்கியவை. அங்கே மகரந்தம் தெளிவாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டக்கூடாது. செந்தோசாவில் சிலோசோ கோட்டைப் பக்கம் தெரியும் செந்நிறச் சேற்றுக்கல்லுக்கு வேறு காரணம்: அந்தச் சிவப்பே ஆக்சிஜன் உள்ளே புகுந்து இரும்பைத் துருவாக்கியதன் அடையாளம். ஆக்சிஜன் புகுந்த இடத்தில் மகரந்தம் மிஞ்சாது. சிவப்புக் கல்லை மகரந்தத்துக்கு அனுப்புவது வீண்.

இவை இரண்டையும்விட எனக்குப் பெரிய கவலை கலப்படம்.

என் வேலையின் தொடக்க ஆண்டுகளில் எங்கள் குழு ஒரு கோர் மாதிரியை வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பியது. பதிலில், ட்ரயாசிக் என்று நாங்கள் நம்பிய கல்லில் புல்லின் மகரந்தம் இருந்தது என்று வந்தது. ட்ரயாசிக் உலகில் புல் கிடையாது. நாங்கள் கோர் பெட்டியை மூடாமல் வெட்டவெளியில் இரண்டு நாள் வைத்திருந்தோம். விரிசல்களில் துளைச்சேறு காய்ந்து கிடந்ததையும் கழுவவில்லை. ஆய்வகத்தின் மேல் பிழை இல்லை. அன்றிலிருந்து, நுண்புதைபடிவத்துக்குப் போகும் துண்டின் வெளித்தோலை நானே சுரண்டி நீக்கி, நடுவிலிருந்து மட்டும் எடுத்து, எடுத்த உடனே உறையிட்டு ஒட்டுகிறேன்.

இதில் தடுமாறியவர்கள் நாங்கள் மட்டுமல்ல. துறையின் மிகப் பெரியவர்களுக்கே இது நடந்திருக்கிறது. பீர்பல் சாஹ்னி இந்தியத் தொல்தாவரவியலின் தலைமகன். லக்னோவில் இன்று அவர் பெயரில் இயங்கும் நிறுவனத்தை 1946இல் தொடங்கியவர். 1940களில் அவர் பஞ்சாப் உப்பு மலைத்தொடரின் பாறை உப்பைக் கரைத்துப் பார்த்தார். பூக்கும் தாவரங்களின் மரத்துணுக்குகளும் பூச்சித்துணுக்குகளும் கிடைத்தன. அதனால் அந்த உப்பு ஈயோசீன் காலத்தது, அதாவது ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுப் பழமையானது என்று வாதிட்டார். ஆனால் உப்புக்கு மேலே கிடக்கும் அடுக்குகளில் கேம்பிரியன் காலத்து ட்ரைலோபைட்டுகள் என்ற பழங்கடலுயிர்கள் இருந்தன. அது ஐம்பது கோடி ஆண்டுக் கணக்கு. மேலே கிடப்பது கீழே கிடப்பதைவிடப் பத்து மடங்கு பழையதாக இருக்க வேண்டுமானால், நிலமே பெயர்ந்து மேலேறியிருக்க வேண்டும். அறிவியல் மாநாடுகளில் இந்த வாதம் பல ஆண்டுகள் நடந்தது. இன்று உப்பு கேம்பிரியனின் தொடக்கத்தையோ அதற்குச் சற்று முந்தைய காலத்தையோ சேர்ந்தது என்பதே ஏற்கப்பட்ட முடிவு. உப்பு கரையும், நெகிழ்ந்து நகரும், மீண்டும் படிகமாகும். வெளிப்பொருளை உள்ளே இழுத்து மூடிக்கொள்ளும். சாஹ்னி மிகக் கவனமாக வேலை செய்தவர். அவரே ஏமாந்தார் என்றால், துகள் கல்லோடு பிறந்ததா, பின்னால் வந்ததா என்ற கேள்வியை ஒவ்வொரு தகட்டிலும் நாம் கேட்டாக வேண்டும்.

கோனடோன்ட்

சுண்ணாம்புக்கல்லை என்ன செய்வது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. கோனடோன்ட் தேட வேண்டும்.

கோனடோன்ட் என்பவை மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுத்த பல் போன்ற உறுப்புகள். 1856இல் கிறிஸ்டியன் பாண்டர் இவற்றை முதலில் விவரித்தார். எந்த உயிரின் பல் என்று நூறு ஆண்டுகளுக்கு மேல் எவருக்கும் தெரியவில்லை. 1983இல்தான், ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அருகே கிடைத்த மென்னுடல் பதிவு, இது விலாங்கு போன்ற ஒரு சிறு கடலுயிரின் வாயுறுப்பு என்று காட்டியது. கேம்பிரியனில் தோன்றி, ட்ரயாசிக் முடிவில், சுமார் 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன், அடியோடு அழிந்துபோன இனம். வடிவம் விரைவாக மாறிக்கொண்டே வந்ததால், பத்து லட்சம் ஆண்டுகள் அளவுக்கு நுணுக்கமாகக் காலத்தைப் பிரிக்க உதவுகிறது. பெர்மியனும் ட்ரயாசிக்கும் பிரியும் கோட்டை உலகம் முழுவதற்கும் வரையறுப்பதே ஒரு கோனடோன்ட்தான்: சீனாவின் மெய்ஷானில் ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற இனம் முதன்முதலாகத் தோன்றும் அடுக்கு. 2001இல் அதை அதிகாரபூர்வமாக ஏற்றார்கள். அங்கேயுள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் சிர்க்கானை வைத்து அந்தக் கோட்டின் வயது 25.19 கோடி ஆண்டு என்று தெரிந்தது. இப்படித்தான் பல்லும் படிகமும் கைகோத்துக் காலக்கணக்கை உருவாக்குகின்றன.

நம் தீவின் பழைய கேள்வியை நினைத்துப் பாருங்கள். ட்ரயாசிக்கா, ஜுராசிக்கா? கோனடோன்ட் ஜுராசிக்குக்குள் வரவே இல்லை. கல்லோடு பிறந்த ஒரே ஒரு நல்ல பல் கிடைத்தால் போதும், ஜுராசிக் என்ற வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. இனத்தை அடையாளம் காண முடிந்தால் ட்ரயாசிக்கின் எந்தப் பகுதி என்பதும் தெரியும். பெரிய அளவைக் கருவிகள் எதுவும் இல்லாமல் ஓர் உருப்பெருக்கி இவ்வளவைச் சொல்லிவிடுவது எனக்கு இன்றும் வியப்பு.

வேலை எப்படி என்றால், சுண்ணாம்புக்கல்லை உடைத்து, நீர்த்த ஃபார்மிக் அல்லது அசெட்டிக் அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். சுண்ணாம்பு கரைந்து நுரைத்துப் போகும். பல் பாஸ்பேட்டால் ஆனது என்பதால் நிற்கும். அடியில் தங்கும் வண்டலைச் சலித்து, கன திரவத்தில் பிரித்து, ஈரத் தூரிகையின் ஒற்றை முடியால் ஒவ்வொரு பல்லாகப் பொறுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தின் பயம் இல்லை என்பது ஒரு மாணவிக்குப் பெரிய ஆறுதல்.

சிக்கல் எடையில் இருக்கிறது. நல்ல முடிவுக்கு இரண்டு கிலோவாவது வேண்டும், ஐந்து கிலோ இருந்தால் நிம்மதி. இங்கே வழக்கமான 52 மில்லிமீட்டர் கோரில் ஒரு மீட்டர் நீளம் ஏறத்தாழ ஐந்தே முக்கால் கிலோ. பாதியைப் பதிவுக்கு வைத்துவிட்டு மறுபாதியைக் கரைத்தால் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அவள் கொண்டுவந்த உள்ளங்கை அளவுத் துண்டு இதற்குக் காணாது. அதே அடுக்கிலிருந்து ஒரு மீட்டர் பாதிக் கோரைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டுத்தான் பார்க்கச் சொன்னேன். சுண்ணாம்புக்கல் பளிங்காக மாறியிருந்தால் பல் உடைந்தோ உருக்குலைந்தோ கிடக்கும். அதனால் துண்டின் ஓரத்தை ஈரப்படுத்திப் பார்த்து, சிப்பி ஓட்டின் வெட்டுமுகம் ஏதாவது கண்ணில் படுகிறதா என்று முதலில் தேட வேண்டும். அன்று மேசை விளக்கின் கீழ் நாங்கள் பார்த்தபோது, நகக்கீறல் போன்ற இரண்டு வளைந்த கோடுகள் தெரிந்தன. கல் முழுவதும் பளிங்காகிவிடவில்லை.

இன்னொரு நன்மை. கோனடோன்டும் சூட்டில் நிறம் மாறும்: வெளிர்தேன் நிறத்திலிருந்து பழுப்பு, கறுப்பு என்று. அதற்குக் காரணம் பல்லுக்குள் சிக்கியிருக்கும் சிறிதளவு கரிமப்பொருள் கரியாவதுதான். 1977இல் இந்த நிறமாற்றத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டு வெப்பநிலையோடு இணைத்தார்கள். 5 என்றால் 300 பாகைக்கு மேல். ஆனால் மகரந்தத்தைப் போலன்றி, பல் கறுத்தாலும் வடிவம் கெடுவதில்லை. கறுத்த பல்லுக்கும் பெயர் சொல்ல முடியும். மடிந்து சூடுகண்ட கற்களில் கோனடோன்டை நான் முன்னால் வைப்பது இதனால்தான்.

ரேடியோலேரியா என்ற, சிலிக்காக் கூடு கொண்ட நுண்ணிய கடலுயிர்களைப் பற்றியும் கேட்டாள். மலேசியாவின் பெந்தோங்-ராவுப் இணைப்புக் கோட்டில் சிலிக்காச் செறிந்த செர்ட் கல்லிலிருந்து எடுத்த ரேடியோலேரியாதான், அங்கே டெவோனியன் பிற்பகுதியிலிருந்து பெர்மியன்வரை ஒரு பெருங்கடல் கிடந்தது என்று நிறுவியது. அருமையான கருவி. அவளிடம் செர்ட் இல்லை.

ரீனியம்-ஆஸ்மியம்

கருங்களிப்பாறைக்கு வருகிறேன். ஆக்சிஜன் இல்லாத கடலடியில் கரிமப்பொருள் அழுகாமல் குவியும்போது, கடல்நீரில் கரைந்திருக்கும் ரீனியத்தையும் ஆஸ்மியத்தையும் உடன் பிடித்துவைத்துக்கொள்கிறது. ரீனியம்-187 சிதைந்து ஆஸ்மியம்-187 ஆகிறது. பாதி சிதைய ஏறத்தாழ 4,160 கோடி ஆண்டுகள். ஒரே அடுக்கின் பல துண்டுகளில் இரண்டின் விகிதத்தையும் அளந்து ஒரு கோட்டில் அமைத்தால், கோட்டின் சரிவு வயதைக் கொடுக்கும். புதைபடிவத்தின் துணையே இல்லாமல், படிந்த காலத்தையே நேராகச் சொல்லும் முறை. 1989இல் ராவிட்சாவும் டுரேக்கியனும் வட அமெரிக்கக் கருங்களிப்பாறையில் இது நடக்கும் என்று காட்டினார்கள். பின்னர் செல்பியும் கிரீசரும் கனடாவின் எக்‌ஷா களிப்பாறையில் 36.13 கோடி ஆண்டு என்று பெற்றார்கள். டெவோனியன் முடியும் எல்லையில் இருக்கும் அந்தக் கல்லுக்குப் புதைபடிவங்கள் தந்த வயதோடு அது ஒத்துப்போனது. எண்ணெய் பிறக்கும் அளவுக்குச் சூடு கண்ட துண்டுகளும் அதே வயதைக் காட்டின என்பதுதான் எனக்கு முக்கியம். மகரந்தம் கறுத்துப் பேசாமல் போகும் இடத்தில் அதே கரிமப்பொருள் வேறொரு மொழியில் பேசுகிறது.

அப்படியானால் நேரே இதற்கே போய்விடலாமே என்று தோன்றும். நான் போகமாட்டேன். கல்லில் ரீனியம் நூறு கோடியில் சில பங்கு, ஆஸ்மியம் அதைவிடவும் மிகக் குறைவு. உலகில் சில ஆய்வகங்களே இதைச் சரியாக அளக்கும். செலவும் காத்திருப்பும் அதிகம். ஒரு துண்டு போதாது. ஒரே மட்டத்திலிருந்து ஐந்தாறு துண்டுகள் வேண்டும், அவற்றுக்குள் விகிதம் போதுமான அளவு வேறுபடவும் வேண்டும். வேறுபடாவிட்டால் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்து, கோடு போட முடியாது. கனிம நரம்புகள் ஓடிய கல்லும், மழைநீர் புகுந்து உளுத்த கல்லும் உதவாது. நம் வெப்பமண்டலத்தில் கல் பல மீட்டர் ஆழம்வரை உளுத்திருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். உலோக ரம்பம் பட்ட முகத்தையும் தேய்த்து நீக்கியாக வேண்டும்.

கரிமப்பொருளை வைத்து வயது தேடும் மற்ற வழிகளைச் சுருக்கமாகத் தள்ளிவிடுகிறேன். கார்பன்-14 இங்கே எடுபடாது. அதன் அரையாயுள் 5,730 ஆண்டு. ஐம்பதாயிரம் ஆண்டுக்கு மேல் கைகொடுக்காது. காலாங் கடற்களிமண்ணில் கிடைக்கும் மரத்துண்டுக்குப் பொருந்தும், ஜூரோங் கல்லுக்குப் பொருந்தாது. கரிம ஐசோடோப்பு வளைவை உலக வளைவோடு பொருத்தும் முறைக்குப் பத்துப் பதினைந்து மீட்டராவது தொடர்ச்சியான அடுக்கு வேண்டும். மூன்று துண்டை வைத்து வளைவு வரைய முடியாது.

மூலக்கூறுச் சுவடுகள் என்று இன்னொன்று இருக்கிறது: பழைய உயிர்களின் கொழுப்பு மாறிய எண்ணெய் மூலக்கூறுகள். ஓலியனேன் நிறைய இருந்தால் பூக்கும் தாவரம் பரவிய பிறகு வந்த படிவு என்று ஊகிக்கலாம். இதில் கலப்பட ஆபத்து மகரந்தத்தைவிட அதிகம். 1999இல் ஆஸ்திரேலியாவின் பில்பராவில் 270 கோடி ஆண்டுக் கல்லிலிருந்து இப்படிப்பட்ட மூலக்கூறுகள் அறிவிக்கப்பட்டன. உயிரின வரலாற்றையே மாற்றி எழுத வேண்டியிருந்தது. அவை பின்னால் கலந்தவை என்று 2008இல் சொன்ன குழுவில் முதல் ஆய்வை நடத்திய யோகன் பிராக்ஸும் இருந்தார். தன் முடிவைத் தானே திருத்திய அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். 2015இல் மிகத் தூய்மையாகத் துளையிட்டு எடுத்த புதுக் கோரில் அந்த மூலக்கூறுகள் இல்லை என்று உறுதியானது.

விந்தியம் கற்றுத்தந்தது

வடஇந்தியாவின் விந்தியப் பாறைகளைப் பற்றி அவளிடம் கொஞ்சம் நீளமாகவே பேசினேன். 1998இல் ஆர். ஜே. அஸ்மி, ரோதாஸ் சுண்ணாம்புக்கல்லில் கேம்பிரியன் காலத்துச் சிறு ஓடுகளைப் போன்ற நுண்புதைபடிவங்கள் இருப்பதாக எழுதினார். அப்படியானால் கல்லின் வயது 54 கோடி ஆண்டு அளவில் இருக்க வேண்டும். பலர் நம்பவில்லை, படிவங்களே போலி என்றுகூடப் பேசினார்கள். 2002இல் சிர்க்கான் அளவைகள் இடையிலிருந்த எரிமலை அடுக்குகளுக்கு 160 கோடி ஆண்டு என்று சொல்லின. பிறகு ஸ்டெஃபான் பெங்ட்சனின் குழு அதே இடத்துக்குப் போய்ப் புதிதாக மாதிரி எடுத்து, 2009இல் விடையை வெளியிட்டது: படிவங்கள் உண்மையானவை, ஆனால் அவை கேம்பிரியன் ஓடுகள் அல்ல; நூறு கோடி ஆண்டுக்கும் மேல் பழைய பாசியும் நுண்ணுயிர்களும்.

சாஹ்னிக்கு நடந்தது வேறு, அஸ்மிக்கு நடந்தது வேறு. முன்னதில் துகள் கல்லுக்குச் சொந்தமில்லை. பின்னதில் துகள் சொந்தம்தான். அதற்கு வைத்த பெயர்தான் தவறு. ஆகவே நுண்புதைபடிவத்தைக் கையில் எடுப்பவர் இரண்டு இடத்தில் வழுக்கலாம். கேம்பிரியனுக்கு முந்தைய கல்லில், பெயர் வைக்கும் இடத்தில் வழுக்குவது மிக எளிது. அங்கே உருண்டையான எளிய கூடுகள் நூறு கோடி ஆண்டுகள் மாறாமல் ஓடுகின்றன. அவ்வளவு பழைய கல்லாக இருந்தால் நான் ரீனியம்-ஆஸ்மியத்தையோ சாம்பல் சிர்க்கானையோ முதலில் வைத்து, நுண்புதைபடிவத்தைத் துணைக்கு அழைப்பேன். ட்ரயாசிக் கல்லுக்கு இந்த வரிசையைத் திருப்பிப் போடலாம், ஏனென்றால் அங்கே இனங்களின் வரிசை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கடைசியில் என்ன முடிவெடுத்தோம்

பணம் கட்டும் சோதனைக்கு முன்பு, ஏறக்குறைய செலவில்லாத ஒன்றைச் செய்யச் சொன்னேன். சேற்றுக்கல்லிலிருந்து நகமளவுச் சில்லை வெட்டி மெருகேற்றி, ராமன் நிறமாலை எடுப்பது. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறல்தான். கல்லிலுள்ள கரியின் மேல் லேசர் படும்போது வரும் இரண்டு முகடுகளின் வடிவம், அந்தக் கரி எவ்வளவு வெப்பம் கண்டது என்பதைக் காட்டும். அமிலம் வேண்டாம், சில நிமிட வேலை. கருவி அவளுடைய பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது.

கரி 150 பாகைக்குக் கீழே நின்றிருந்தால், சேற்றுக்கல்லை மகரந்தத்துக்குக் கொடுக்கலாம். மகரந்தம் மஞ்சளிலோ பழுப்பிலோ இன்னும் படிக்கும் நிலையில் இருக்கும். 200ஐத் தாண்டியிருந்தால் மகரந்தத்தை மறந்துவிட்டு, பணம் முழுவதையும் சுண்ணாம்புக்கல்லின் கோனடோன்டில் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வந்தாலும் என் சாய்வு கோனடோன்ட் பக்கமே. கருங்களிப்பாறையை இப்போது தொடவேண்டாம் என்றேன். அதே மட்டத்திலிருந்து ஆறு துண்டுகளை, ரம்பம் படாமல் உடைத்து, காற்றுப்புகாத உறையில் போட்டு வைத்தால் போதும். மேற்படிப்புக்குப் போகும்போது ரீனியம்-ஆஸ்மியத்துக்கு உதவும்.

"மகரந்தம்தான் வேகமாக முடியும் என்று நினைத்தேன், சித்தப்பா" என்றாள். அவளுடைய பேராசிரியரும் அதையே விரும்புகிறாராம். சேற்றுக்கல்லைக் கையில் எடுத்து, விளக்கின் கீழ் சாய்த்துக் காட்டினேன். பரப்பில் பட்டுத்துணிபோல ஒரு மினுக்கம் தெரிந்தது. நசுங்கிச் சூடுகண்ட களிமண்ணில் மெல்லிய அபிரகப் படலம் வளரும்போது வரும் மினுக்கம் அது. அவள் கல்லை வாங்கி, தானே இரண்டு மூன்று முறை சாய்த்துப் பார்த்தாள்.

ராமன் முடிவு போன வாரம் வந்தது. 200ஐத் தாண்டியிருக்கிறது. அரை மீட்டர் பாதிக் கோருக்குத்தான் அனுமதி கிடைத்தது, ஒன்றரைக் கிலோ கூடத் தேறாது. அதைக் கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைத்து, பத்து விழுக்காடு ஃபார்மிக் அமிலத்தில் வாளியில் போட்டிருக்கிறாள். மீதி அரை மீட்டருக்கு இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறோம்.